பறித்து வைத்த ரோஜாக்கள்

1988 மார்ச்: தளி சாலையோரம், என் மனைவிக்கும் அவளுடைய அண்ணனுக்கும் பொதுவான நிலத்தின் முகப்பில், காய்கறிக் கடை திறந்தோம். 1990 ஜனவரி: கடைக்குப் பின்னாலிருந்த ரோஜாத் தோட்டத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்தோம். 1996 செப்டம்பர்: என் மனைவி காலமானாள். அதே ஆண்டு டிசம்பர்: கடை மூடப்பட்டது.

நிகழ்ச்சிகள் இவ்வளவே. அந்த ஜனவரி ஞாயிறு பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, நிலம் தேடுகிறவர்கள் எங்கள் பக்கமும் வரத் தொடங்கினர். முழு நிலமாகத்தான் கேட்டனர். அண்ணனுக்கு விற்றுவிடும் எண்ணம்; மனைவிக்கு மனமில்லை. கடை மட்டும் அண்ணனை நிறுத்திவைக்கப் போதாது என்று பட்டதால், பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் தாங்களே ரோஜா பறித்து, எடை போட்டு வாங்கிச் செல்லும் திட்டத்தை நான் வகுத்தேன். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். அவளுக்கும் ஒரு வகுப்பைப் போலவே விளக்கினேன். தலையசைத்தாள். என்ன நினைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு பத்து மணிக்கு ஒரு குடும்பம் வேனில் வந்திறங்கியது. அண்ணனும் பார்க்க வந்திருந்தார். அனைவரையும் தோட்டத்துக்குள் அழைத்துச் சென்றேன். செடிகளில் ஒரு பூ இல்லை. பூப்பறிக்கும் பெண்களோடு என் மனைவி விடியுமுன்னே அத்தனையும் பறித்து, நீர் தெளித்து, கடை வாசலில் கூடை கூடையாக வைத்திருந்தாள்.

அண்ணன் செடிகளையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, முள்ளைக் காட்டவா இவங்கள வரச் சொன்னீங்க?"

"தேடி வந்தவங்கள வெயில்ல பூப் பறிக்க விடுவாங்களாண்ணா? கூலிக்கா வந்திருக்காங்க?"

அவள் குரலில் தடுமாற்றம் இல்லை. இதுகூடத் தெரியாதா என்ற வியப்பே இருந்தது.

வந்தவர்களில் மூத்த அம்மாள் கன்னடத்தில் விவரம் கேட்டுச் சிரித்தார். பிறகு, பக்கத்திலிருந்த எங்கள் அவரைக் கொல்லை கண்ணில் பட்டதும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். அவரைக்காய்க்காகப் பெங்களூர்க்காரர்கள் தை வரும்வரை காத்திருப்பார்கள் என்பது என் திட்டத்தில் இல்லை. மற்றவர்களும் இறங்கினர். மனைவி கூடவே வரப்பில் ஓடி, தான் பறித்துத் தருவதாகக் கெஞ்சினாள். ஒருவரும் கேட்கவில்லை. பிற்பகல் வரை இருந்துவிட்டு, கூடையில் இருந்த ரோஜாவையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

புறப்படும்போது அண்ணன் அவளிடம் சொன்னார்: "சரி, நடத்து. நீ நடத்துற வரைக்கும் விக்கற பேச்சை எடுக்க மாட்டேன்."

அந்தச் சொல்லைக் காத்தார். அவளும், வருகிறவர்கள் பறிக்கும்போதெல்லாம் பின்னால் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, ஆறு ஆண்டுகளுக்கு மேல் நடத்தினாள்.

அவளுடைய காரியம் முடிந்து மூன்று மாதம் கழித்து அண்ணன் வந்தார். விற்பனைப் பத்திரத்தின் நகலை மேசைமேல் வைத்து, "அவசரமில்லைங்க மாப்பிள்ளை" என்றார். முறையாகவே நடந்துகொண்டார். நீங்கள் நடத்தலாமே என்று அவர் கேட்கவில்லை. நடத்துகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

செய்யாமல் நிற்பவை:

சாலையோரப் பலகையைக் கழற்றுவது.

பூப்பறித்த பெண்களுக்கு வேறு தோட்டத்தில் வேலை கேட்பது.

அவரை விதையை யாரிடமாவது கொடுப்பது.

பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது.

கையெழுத்து.