எலியேசர் வெளியே விட்ட பன்னிரண்டு குழாய்கள்

லோதி ரோட்டுப் பக்கம் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் எலியேசருக்கு இருபத்திரண்டு வருட வேலை. ரத்தக் குழாய்களுக்கு நம்பர் ஒட்டுவார், ஃப்ரீசரில் அடுக்குவார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. தாத்தாவாகி ஒன்பது வாரம் ஆகிறது. பேத்தியின் போட்டோவைப் பார்க்காமல் யாரும் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஏற முடியாது.

அன்றைக்கு பிரியதர்ஷினி மேடம் கம்ப்யூட்டர் முன்னால் குதித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ஜல்தி வாங்க! சாஃப்ட்வேர் முப்பத்தெட்டு ஜீன் புடிச்சிருக்கு. கேன்சர் யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லன்னு இதை வச்சே சொல்லிடலாம். நாளைக்குக் கட்டுரை அனுப்பறோம்!"

திரையில் ஒவ்வொரு குழாயும் ஒரு புள்ளி. நோயாளிகள் சிவப்பு, மற்றவர்கள் நீலம். நீலத்தில் பன்னிரண்டு மட்டும் தூரத்தில் தனிக்குடித்தனம் நடத்தின. அவற்றின் நம்பரை எலியேசர் குனிந்து இரண்டு முறை படித்தார்.

ஒன்பது வாரத்துக்கு முன்னால், அந்தப் பன்னிரண்டையும் ஒரு தட்டில் அடுக்கி ஃப்ரீசரில் வைக்கப் போனபோதுதான் மகள் எவாஞ்சலினுக்கு வலி கண்டுவிட்டதாக போன் வந்தது. தட்டை மேஜையில் விட்டுவிட்டு ஓடியவர், ஐந்து மணி நேரம் கழித்து லட்டு டப்பாவோடு வந்து தட்டைச் சத்தமில்லாமல் ஃப்ரீசருக்குள் தள்ளினார்.

அவருடைய அடுத்த வருடக் கான்ட்ராக்ட் மேடத்தின் கையெழுத்துக்காக மேஜையில் கிடந்தது. வாயைத் திறந்தால் வேலை போகும். மூடிக்கொண்டால், யாருக்கோ கேன்சர் இல்லை என்று நாளைக்குச் சொல்லப்போவது அவர் பேத்தியின் பிறந்தநாள்.

"மேடம், அது நோய் காட்டுத வித்தியாசம் இல்ல. எம் பேத்தி பொறந்த அன்னைக்கு வெளிய கெடந்து கெட்டுப்போன ரத்தம்."

"அரே அங்கிள்! எவ்ளோ நேரம்?"

"அஞ்சு மணி நேரம். சுகப்பிரசவம் மேடம், மூணு கிலோ."

மேடம் முறைத்தார். எந்தக் குழாய் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று சாஃப்ட்வேரில் சேர்த்து மறுபடி ஓட்டினார். முப்பத்தெட்டு ஜீன் நாலாகச் சுருங்கியது.

"நாளைக்கு அனுப்பியிருந்தா என் மானமே போயிருக்கும்" என்று தலையில் கைவைத்தார். "இந்த நாலையாவது நம்பலாமா? வேற தட்டு ஏதாவது வெளிய இருந்துச்சா?"

மூலையிலிருந்து ஆராய்ச்சி மாணவன் கௌதமன் 'வேண்டாம்' என்று கண்ணைக் காட்டினான்.

"நான் வைக்கல மேடம். கிரிக்கெட் ஃபைனல் அன்னைக்கு ஒரு தட்டு..."

"அங்கிள்!"

"தம்பியே சொல்லட்டும் மேடம். எத்தன ஓவர்னு அவருக்குத்தான தெரியும்."

மேடம் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டு எலியேசரிடம் நீட்டிவிட்டு, நாற்காலியைக் கௌதமன் பக்கம் திருப்பினார்.