பாயிலர்காரன் வீட்டுப் பவளம்

என் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒரு பவளம் பட்டினி கிடந்தபோது, அதைச் சாதனை என்று மூன்று வாரம் நோட்டில் எழுதிவைத்தவன் நான்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எனக்குப் பாயிலர் தண்ணீரைப் பார்க்கும் வேலை. தண்ணீரில் கால்சியம் இருந்தால் குழாய்க்குள் கல்லாகப் படிந்துவிடும். தினமும் குடுவையில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவேன், இளஞ்சிவப்பு நீலமாகும். எத்தனை சொட்டு பிடிக்கிறதோ அத்தனை கால்சியம். இருபது வருடமாக ஒரே கொள்கை: சொட்டு குறைந்தால் சந்தோஷம்.

இந்தப் பெருமையோடுதான் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். நிறையப் படித்துவிட்டுத்தான் வைத்தேன். படித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். பண்ணையில் வளர்த்த, கைமுட்டி அளவுப் பவளம் ஒன்று சென்னைக் கடையிலிருந்து வந்தது. மாலையில் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு நானும் மனைவியும் அதன் முன்னால் உட்காருவோம். நீல வெளிச்சத்தில் அதன் பச்சை விரல்கள் எங்கோ அடிக்கும் காற்றுக்கு அசைவதுபோல் அசையும். வெளியே போகும் லாரிச் சத்தம்கூட அலைச் சத்தமாகிவிடும். தண்ணீரைக் கல்லாக்கிக்கொண்டு ஓர் உயிர் எங்கள் வீட்டில் குடியிருந்தது.

வீட்டிலும் அதே சொட்டு, அதே நீலம். நானூற்று இருபது என்று தொடங்கிய கால்சியம் நானூறு, முந்நூற்று எழுபது, முந்நூற்று இருபது என்று இறங்கியது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் டிக் போட்டேன்.

"இன்னாங்க, அதோட வெரலு சுருங்கிக்கினே போவுது?" என்றாள் மனைவி.

"புது இடம். பழகிடும்."

பவளத்தின் ஓரத்தில் சதை விலகி வெள்ளையாக அதன் கல்லெலும்பு தெரிந்த அன்று, கடைக்குப் போன் போடாமல் டீ கிடையாது என்றுவிட்டாள்.

"கால்சியம் எவ்ளோ சார் கீது?" என்றார் கடைக்காரர்.

"முந்நூத்தி இருபது. நல்லாக் கொறச்சி வச்சிருக்கேன்."

"சார், அது கால்சியத்துலதான் ஊடு கட்டிக்கினு கீது. நீங்க சிமென்ட்டு தீந்துபோச்சின்னு சந்தோசப்படுறீங்க. டெய்லி கொஞ்சங் கொஞ்சமா ஏத்துங்க. ஒரேடியா ஊத்துனீங்க, தண்ணி பாலாப் பூடும், பவளமும் பூடும்."

அடுத்த பத்து நாள், ஆலைக்குக் கிளம்பும் முன் கால்சியக் கரைசலை அளந்து மெதுவாக ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் கை தயங்கியது. பாயிலருக்குத் துரோகம் செய்வதுபோல. அங்கே போய் நாள் முழுக்க அதையே நீக்குவேன். திரும்பும்போது பேருந்தின் ஜன்னலோரத்தில் கண்ணை மூடினால், நான் நீக்கிய கால்சியமெல்லாம் எனக்கு முன்னால் வீட்டுக்கு மிதந்துபோவதுபோல் இருக்கும்.

பதினோராம் நாள் மாலை, ஒரு விரல் நீண்டது. பிறகு இன்னொன்று. நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே முழுப் பவளமும் பச்சையாக விரிந்து ஆடத் தொடங்கியது.

மனைவியும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"நம்ம கீசர் கம்பிலகூட ரெண்டு வருசமா இதே மாதிரி வெள்ளையா வளந்துக்கினு கீதுங்க. அதுக்கு யாரும் ஒண்ணியும் ஊத்தல."