நிறம் பிடிக்காத சதை

என் தங்கை பல்கலைக்கழகத்தில் நோயியல் பேராசிரியர். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவள் வேலை எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அறுத்தெடுத்த புற்றுக்கட்டியில் சாயம் ஏற்றிப் பார்ப்பாள். மார்புக் கட்டிகளில் சில நிறம் பிடிக்கும். அவற்றுக்கு ஒரு மாத்திரை வேலை செய்யும். பிடிக்காதவற்றுக்குச் செய்யாது. அந்த ஆராய்ச்சியிலேயே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

வெட்டிய சதை கெடாமலிருக்க, அதை உடனே பெரிய போத்தலில், நிறைய மருந்துநீரில் போட வேண்டும் என்பாள். போடாத ஆஸ்பத்திரிகளுக்குப் போனிலேயே ஏச்சு விழும். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘போத்தல் புரொபசர்’.

போன சீனப் பெருநாளுக்கு முன்னால் என் மார்பில் கட்டி வந்தது. அவள் வெளிநாட்டில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஆண் டாக்டரிடம் காட்டக் கூசி, செபராங் ஜெயாவில் பெண் டாக்டர் இருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டியை முழுசாக எடுத்து, சின்னப் போத்தல் ஒன்றில் திணித்து வைத்தார்கள். பெருநாள் விடுமுறை முடிந்துதான் அது தங்கையின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

சொந்தக்காரியின் கட்டிக்கு முடிவு எழுதும் தாளில் அவள் கையெழுத்துப் போடக்கூடாதாம். கூட வேலை செய்பவர் போடுவார். ஆனால் கட்டியைப் பார்த்துவிட்டு, நாங்கள் சேர்ந்திருக்கும் வீட்டுக்கு வந்தாள். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சமையலறையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, பாசார்ல மீன வாங்கி, ஐஸ் போடாம, வெயில்ல நிக்கிற காடிக்குள்ள வுட்டா என்னா ஆவும்?”

“நாறும்.”

“ஒன் கட்டிக்கும் அதான். மருந்துத்தண்ணி உள்ள ஏறல. நெறம் பிடிக்கல.”

“அப்ப அந்த மாத்திரை எனக்கு இல்லையா?”

“அப்படியும் சொல்ல முடியாதுலா. பக்கத்துல இருக்கிற நல்ல சதை கட்டாயம் பிடிக்கணும். அதுவே பிடிக்கல. மொத்தமா கெட்டுப்போச்சு.”

“வேற துண்டு?”

“ஏது? எல்லாம் அந்த ஒரே போத்தல்ல.” கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டு, “எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா…” என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள். அன்று கேட்டேன். “பிடிச்சிருக்குன்னே எழுதச் சொல்லேன்.”

“எழுதினாலும் மாத்திரை குடுப்பாங்க, எழுதாட்டியும் குடுப்பாங்க. ஒனக்கு அது வேலை செய்யுமான்னு யாருக்கும் தெரியாதுக்கா.”

“ஒனக்குமா?”

“எனக்குந்தான்.”

முடிவு சொல்ல இயலாது என்றே தாள் வந்தது. புற்றுநோய் டாக்டர், போட்டுப் பார்ப்போம் என்று மாத்திரை எழுதினார். காலைப் பசியாறியதும் போட்டுக்கொள்கிறேன். நான் மாத்திரையைக் கையில் எடுத்தால், தங்கை பாதி ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு, தட்டோடு எழுந்து போய்விடுகிறாள்.