கருப்பியின் மேல் பதிந்த கைகள்

பேய்க்கதை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறவள் நான். சிவகாசியில் டைரி, காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் பாதி ஆயுசு கணக்கு பார்த்தவளுக்கு, கண்ணால் பார்க்காததை நம்புகிற பழக்கம் கிடையாது. அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

டைரி கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். பிறகு சாத்தூர் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் மேனேஜர் வேலை கிடைத்தது. முதலாளி பெயர் செல்வகுமார். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து தங்கி, குதிரை ஏறி, கம்பங்கூழ் குடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். எல்லாம் இயற்கை முறை. குதிரை லத்தியில் கேஸ் எடுத்துத்தான் அடுப்பு எரியும். ஈக்கு மருந்து அடிப்பதில்லை, வேப்பெண்ணெய்தான். லாடம்கூட அடிப்பதில்லை, குதிரைக்கு வலிக்கும் என்பார் முதலாளி. விருந்தாளிகளிடம் அவர் அதைச் சொல்லும்போது நீங்கள் கேட்டிருக்க வேண்டும், உங்களுக்கே கண் கலங்கிவிடும்.

அது ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்த நிலம். வெடிமருந்து கலக்குகிற அறை வெடித்து ஆட்கள் செத்து, கம்பெனி மூடி, கேட்பாரில்லாமல் கிடந்ததைச் சல்லிசாக வாங்கியிருந்தார். அதை விருந்தாளிகளிடம் மூச்சுவிடக் கூடாது என்பதுதான் அவர் எனக்குப் போட்ட முதல் உத்தரவு. கட்டடங்களை இடித்து மட்டமாக்கிவிட்டார்கள். ஆனால் சுற்றிலும் கரிசல் காய்ந்து பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும்போது, அந்த மருந்து அறை இருந்த இடத்தில் மட்டும் புல் பச்சைப்பசேலென்று நிற்கும்.

குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் இருளப்பன். என்னைவிட வயதில் சின்னவர், அக்கா என்று கூப்பிடுவார். அவர் மனைவி பாண்டியம்மாள் அந்த வெடிவிபத்தில் போனவள். "இந்த இடத்துலயே வேலைக்கு வந்திருக்கீங்களே, மனசு கஷ்டமா இல்லையா?" என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அவளப் பொட்டலமாத்தான் குடுத்தாகக்கா. மிச்சம் இங்கனதான கெடக்கு. நான் வேற எங்க போக?" என்றார்.

பண்ணையில் கருப்பி என்று ஒரு பெண் குதிரை. பெயருக்கேற்ற கறுப்பு, வெயிலில் நின்றால் எண்ணெய் தடவினது மாதிரி மின்னும். கோடையில் வெளியிலிருந்து வைக்கோல் வாங்க வேண்டி வந்தது. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. 'வெளித் தீவனமே வாங்காத பண்ணை' என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். ஆனால் அந்தப் பச்சைப் புல்லில் எந்தக் குதிரையும் வாய் வைக்கவில்லை. கிட்டே போகும், மூச்சை இழுக்கும், பின்வாங்கும்.

"ஏலே இருளப்பா, கருப்பிய அந்தப் புல்லு நடுவுலயே கட்டு. தீவனம் வைக்காத, தண்ணியும் காட்டாத. ஒண்ணு தின்னா மத்ததும் திங்கும்" என்றார் முதலாளி.

"வாயில்லாத சீவன் மொதலாளி."

"வாயிருக்குல்ல? அதான் திங்கச் சொல்றேன்."

கட்டினார்கள். அது தின்னவில்லை. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. முதலாளி குளித்து, சந்தனம் வைத்துக்கொண்டு, ஓலைக் குடிசையில் விருந்தாளிகளுக்கு 'மண்ணையும் மிருகத்தையும் நேசிப்பது எப்படி' என்று பேசிக்கொண்டிருப்பார். அங்கிருந்து பார்த்தால் கருப்பி தெரியும்.

பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம் நானே வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். நல்ல உச்சி வெயில். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. கருப்பி கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றது. யாராவது தடவிக் கொடுத்தால் சாயுமே, அப்படி. கழுத்துத் தோல் லேசாக அமுங்கியது. அமுங்கின இடத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு கை பதிந்தது. ஐந்து விரலும் தெளிவாக. நம்பினால் நம்புங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, முதுகில் ஒன்று, விலாவில் ஒன்று. அலுமினியப் பொடி. பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது அவர்கள் கை அப்படித்தான் இருக்கும், சிவகாசிக்காரிக்கு அது தெரியாதா? வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

முதலாளி வந்து பார்த்துவிட்டு நேராக இருளப்பனின் சட்டையைப் பிடித்தார். "விருந்தாளிகள பயமுறுத்த என்னலே வேலை பாத்திருக்க?"

இருளப்பன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கருப்பியின் கழுத்திலிருந்த ஒரு தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சுண்டுவிரல் வளைந்து, மற்ற விரல்களோடு சேராமல் தனியாக நின்றது. "இது பாண்டி கையி மொதலாளி. சின்ன வயசுல கதவுல நசுங்குன வெரலு" என்றார், அவ்வளவு மெதுவாக.

முதலாளி கம்பி பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்து, "அப்ப நீயே தேய்" என்றார்.

நான் குறுக்கே போனேன். "ஏம்மா ராணி, உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?" என்றார். இருளப்பன் தேய்த்தார். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்தச் சுண்டுவிரல் போகும்வரை தேய்க்கச் சொன்னார். தோல் உரிந்து ரத்தம் வந்தது. குதிரை அசையவில்லை. இருளப்பன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை அந்தப் புண்ணின் மேலேயே அத்தனை கைகளும் திரும்பப் பதிந்திருந்தன. விருந்தாளிகள் பார்த்துவிட்டார்கள், கூடிக் கூடிப் பேசினார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே, "நம்ம ஊர் அலங்காரம்ங்க, குதிரைக்கு இப்படித்தான் கை பதிப்போம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் புண் முதுகில் சேணத்தைக் கட்டச் சொல்லி ஏறினார்.

கருப்பி முரண்டு பிடிக்கவில்லை, ஓடவில்லை. நடந்து போய் அந்தப் பச்சைப் புல்லின் நடுவில், மாடு படுக்கிற மாதிரி, நிதானமாக முன்னங்காலை மடக்கிப் படுத்து, அவர் காலின் மேல் சாய்ந்தது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்தான் அவர் அலறினார். "எரியுது! எரியுது! இழுங்கலே!" காலை நசுக்கினால் வலிக்கும், எரியுமா? எல்லோரும் சேர்ந்து இழுத்தும் குதிரை நகரவில்லை. அவர் சத்தம் அடங்கின பிறகு, அதுவாகவே கொஞ்சம் புரண்டு கொடுத்தது.

பூட்ஸில் ஒரு கீறல் இல்லை. பேண்ட் கசங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கழற்றினபோது உள்ளே முழங்கால்வரை வெந்து கறுத்திருந்தது. தீக்காய வார்டில் இருந்த நர்ஸ், "எந்தக் கம்பெனியில வெடிச்சது?" என்று என்னிடம் கேட்டாள். குதிரைப் பண்ணை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். காலை எடுத்துவிட்டார்கள். பண்ணையையும் மூடியாகிவிட்டது.

கருப்பி அன்று சாயங்காலமே செத்துப்போனது. அங்கேயே குழி தோண்டினோம். கடைசியாகக் கழுவிவிடலாம் என்று நானும் இருளப்பனும் அதைப் புரட்டினபோதுதான் பார்த்தோம். முன்னங்காலின் உள்பக்கம், முட்டிக்கு மேலே, ஒரு சின்னக் கை. நடக்கப் பழகின பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு நின்றால் எங்கே பிடிக்குமோ, அங்கே.

"அக்கா, அன்னைக்கு உள்ள சின்னப்பிள்ள யாரும் இல்லியே" என்றார் இருளப்பன். செத்தவர்கள் பேரை விரல் விட்டுச் சொன்னார். எல்லோரும் பெரியவர்கள். "யாராச்சும் கூட்டிட்டு வந்து, வெளிய சொல்லாம விட்டுட்டாகளோ?"

அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் அவர் ஏறாத வீடில்லை. பிள்ளையைக் காணவில்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நான் இப்போது விருதுநகரில் தங்கை வீட்டில் இருக்கிறேன். எப்போதாவது பஸ் ஏறி வருவார், டீயைக் குடித்துவிட்டு, "அந்தக் கை எம்புட்டுக்கா இருந்துச்சு?" என்று கேட்பார். நான் என் உள்ளங்கையின் அடியிலிருந்து அளந்து, விரல் வைத்துக் காட்டுவேன். முதல் தடவை உள்ளங்கையைத் தாண்டாமல் காட்டினேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன தடவை, வளர்கிற பிள்ளையின் கை மாதிரி, என் நடுவிரலின் முதல் கணு வரைக்கும் வந்துவிட்டது. நான் கூட்டிக் காட்டவில்லை, கர்த்தர் மேல் சத்தியம், என் மனதில் இருக்கிற அளவுதான் அது. அவரும் அந்தக் கையைப் பார்த்தவர்தானே. ஆனால் ஒவ்வொரு தடவையும் என் கையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஆமாக்கா, அம்புட்டுத்தான்" என்கிறார்.