ஒனோரா அழாத ஒரே சாவு

டாரா குன்றைச் சுற்றி எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒரு ஆள் பாதிரியாரைத் தேடிப் போவான், இன்னொரு ஆள் ஒனோராவைத் தேடிப் போவான். பாதிரியார் வரத் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஒனோரா வராமல் பெட்டியை மூட மாட்டார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, செத்தவரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குலம் கோத்திரம் எல்லாம் இழுத்து ஒப்பாரி வைப்பாள். ஊரறிந்த கஞ்சனும் அவள் வாயில் வள்ளலாகிவிடுவான். ஒரு பை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் புகையிலை, ஒரு கோப்பை விஸ்கி. அதுதான் கூலி.

அப்படிப்பட்டவள் தன் புருஷன் ஃபெலிமுக்கு மட்டும் இருபத்தாறு வருஷமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. விட வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் ஊர் நினைத்தது. அவன்தான் சாகவில்லையே. 1798-இல் இங்கிலாந்து ராஜாவின் ஆட்சியை எதிர்த்துக் கலகக்காரர்கள் ஈட்டியோடு குன்றின்மேல் கூடியபோது, உயிருக்குப் பயந்து இங்கிலாந்துக்குப் புல்லறுக்க ஓடிப்போனவன் அவன். இந்தக் கதையை முதலில் சொன்னவளே ஒனோராதான். ஓடுகாலி பெண்டாட்டி என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள். மறுகல்யாணமும் செய்ய முடியாது, விதவை என்று துக்கமும் கொண்டாட முடியாது. இரண்டுங்கெட்டான் பிழைப்பு.

நடந்தது வேறு. சண்டை முடிந்த மறுநாள் காலை, சிப்பாய்களுக்குப் பால் கொண்டுவரச் சொல்லி ஊர்ப் பெண்களுக்கு உத்தரவு வந்தது. ஒனோரா வாளியைத் தூக்கிக்கொண்டு குன்றேறினாள். அங்கே உச்சியில் ஒரு வட்ட மேடு, அதன் நடுவில் நீளமாக ஒரு குழி. இறந்தவர்களை அதில் தள்ளி மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது. கறுப்புக் கம்பளிக் காலுறை, குதிகால் மட்டும் சாம்பல் நிறம். கறுப்பு நூல் தீர்ந்துபோனதால் சாம்பல் நூலை வைத்து ஒப்பேற்றி அவளே ஃபெலிமுக்குப் பின்னியது.

அவள் பாலை ஊற்றினாள். ஆண்பிள்ளை காணாமல்போன வீடுகளையெல்லாம் சிப்பாய்கள் கொளுத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. உன் புருஷன் எங்கே என்று ஒருவன் கேட்டபோது, இங்கிலாந்துக்குப் புல்லறுக்கப் போயிருக்கிறார் என்றாள். வீடு பிழைத்தது. ஃபெலிமின் பெயர் கெட்டது. பக்கத்தில் நின்ற ஒரு முள்மரத்திலிருந்து குழிக்கு நாற்பத்தோரு தப்படி என்று மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அதன்பிறகு தினமும் மாட்டை அங்கேதான் ஓட்டுவாள். கலகக்காரன் குழிமேல் ஒரு சிலுவை நட்டால்கூடப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள், நட்டவன் யார் என்றும் விசாரிப்பார்கள். அதனால் மாடு மேயும், அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

குன்றின் வடக்கே புல்லுக்குள் ஒரு கல் கிடந்தது. ஆள் உயரத்துக்கும் மேலே நீளம். பழைய ராஜாக்கள் அதன்மேல் நின்றுதான் முடி சூடினார்களாம். உரியவன் காலை வைத்தால் கல் கத்துமாம், அந்தச் சத்தம் நாடு முழுக்கக் கேட்குமாம். ஒரு வீரன் காலை வைத்தபோது அது வாயே திறக்கவில்லை என்று கோபத்தில் வாளால் வெட்டிவிட்டானாம். இன்னொரு கட்சி வேறு சொல்லும்: நிஜக் கல் எப்போதோ கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டது, அங்கிருந்து இங்கிலாந்துக்காரன் தூக்கிப்போய் லண்டனில் சிம்மாசனத்துக்கு அடியில் வைத்துக்கொண்டான், இங்கே கிடப்பது வெறும் கல். சாவு வீட்டில் விஸ்கி இரண்டு சுற்று வந்தால் இந்தச் சண்டையும் கூடவே வந்துவிடும். ஒனோரா எந்தக் கட்சியிலும் சேர்ந்ததில்லை. அவளுக்கு வேண்டிய மனுஷன் ராஜா இல்லை.

1824 வசந்தத்தில்தான் வினை வந்தது. உருளைக்கிழங்குப் பாத்தி வருஷா வருஷம் குன்றின்மேல் ஏறிக்கொண்டே வந்தது. பசிக்கிற ஊர், யாரைக் குற்றம் சொல்ல? அந்த வருஷம் வட்ட மேட்டைக் குத்தகைக்கு எடுத்தவன் லாக்லின். ஃபெலிமின் உயிர்ச் சிநேகிதன். அண்ணி அண்ணி என்று ஒரு காலத்தில் அவள் வீட்டிலேயே கிடந்தவன். ஃபெலிம் ஓடிப்போன கதையைக் கேட்டதிலிருந்து அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான், அதுவும் அவசியம் வந்தால். ஒனோராவுக்கோ நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. அவள் போய்விட்டால் அந்த இடம் தெரிந்தவர் யாரும் இல்லை. லாக்லினின் மண்வெட்டி ஃபெலிமைத்தான் முதலில் புரட்டும்.

அவன் மண்வெட்டியும் கையுமாக மேட்டுக்கு வந்த அன்று அவள் அவனுக்காகக் காத்திருந்தாள்.

"இங்க தோண்டாத, லாக்லின்."

"ஏன், உன் மாட்டுக்கு மேய வேற இடம் கிடைக்கலையா?"

"கீழ ஃபெலிம் படுத்திருக்காரு."

அவன் சிரிக்கத்தான் வாயெடுத்தான். அவள் குதிகால் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மேட்டு விளிம்பில் அப்படியே உட்கார்ந்தான்.

"சண்டையில பக்கத்துலயே நிக்கிறேன்னு சொன்னான். திரும்பிப் பாத்தேன், ஆளைக் காணோம். அன்னைலேருந்து அவனை நான் திட்டாத நாள் இல்ல."

"ஓடல லாக்லின். விழுந்துட்டாரு."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அவனை அப்படி நம்ப வைத்தவள் தான்தான் என்பது ஒனோராவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

குத்தகையை விட்டுவிடுகிறேன் என்றான் லாக்லின். நீ விட்டால் அடுத்தவன் எடுப்பான் என்றாள் அவள். அந்த இடத்தில் யாரும் பாத்தி போட முடியாதபடி ஒன்று நிற்க வேண்டும், அது எதற்கு நிற்கிறது என்று யாரும் கேட்கவும் கூடாது. அவள் வடக்கே கைகாட்டினாள். சும்மா கிடக்கிற அந்தக் கல்லைத்தான்.

இரண்டு பேரும் பண்ணை ஏஜெண்டிடம் போனார்கள். வட்ட மேட்டில் மண் ஆழமில்லை, கிழங்கு வராது, மேய்ச்சலுக்கே விட்டுவிடலாம், மாடு முதுகு உரச அந்தக் கல்லை அங்கே நட்டுக்கொள்கிறோம் என்றான் லாக்லின். ஏஜெண்ட் கெட்டவன் இல்லை, சந்தேகப்பிராணி. கிடக்கிற இடத்திலேயே நிமிர்த்தினால் என்ன என்று கேட்டான். அங்கே சதுப்பு, மாடு நிற்காது என்றார்கள். அது ராஜாவைக் கண்டால் கத்தும் என்கிறார்களே என்று அடுத்து ஒரு கொக்கி போட்டான்.

ஒனோரா சொன்னாள். "கத்துற கல்லு லண்டன்ல உங்க ராஜாவோட நாற்காலிக்குக் கீழல்ல இருக்கு, ஐயா. இது மாடு உரசுற கல்லு."

ஏஜெண்டுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தான்.

ஒன்பது பேர், நாலு கயிறு, அடியில் உருட்டுக் கட்டைகள். அரை நாள் இழுத்துத்தான் கல் மேட்டுக்கு வந்தது. ஒனோரா முள்மரத்திலிருந்து நாற்பத்தோரு தப்படி நடந்து வந்து நின்றாள். அவள் காலடியில் குழி வெட்டினார்கள். முழங்கால் ஆழம் போனதும் கையை நீட்டித் தடுத்தாள்.

"போதும். அதுக்குக் கீழ ஆளுங்க இருக்காங்க."

மண்வெட்டிகள் நின்றன. ஒன்பது பேரில் பாதிப்பேருக்கு அந்தச் சண்டையில் அண்ணனோ அப்பனோ போயிருந்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்பது மட்டும் தெரியாது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்கள்.

கல் எழுந்து, ஒருமுறை ஆடி, குழிக்குள் இறங்கியது. தரை அதிர்ந்தது. அதோடு ஒரு சத்தம் கிளம்பியது. கிணற்றடியில் இருந்த பெண்கள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். அடுத்த கிராமத்து நாய்கள் குரைத்தன. அடிவாரத்தில் ஏஜெண்டின் குதிரை மிரண்டு வேலியை உடைத்தது. இருபத்தாறு வருஷமாக ஒனோரா அடைத்து வைத்திருந்தது அந்த ஒரே மூச்சில் வெளியே வந்தது. கடைசியில் ஃபெலிமின் பெயர் இருந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது பெயர் என்று புரிந்தது.

ஏஜெண்ட் மூச்சிரைக்க ஓடிவந்தான். ஒப்பாரி என்று அவன் காதில் விழுந்தால் போதும், ஏன் ஒப்பாரி, கீழே யார், அவள் யாருடைய மனைவி என்று எல்லாம் வெளியே வரும். அவள் வீடும் போகும், கல்லும் போகும். என்ன சத்தம் அது என்று கேட்டான்.

"கல்லு கத்துச்சுங்க," என்றான் லாக்லின்.

மற்ற எட்டுத் தலைகளும் ஆடின. ஏஜெண்ட் ஒனோராவைப் பார்த்தான். அவள் முகம் முழுக்க ஈரம், வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவனுக்குச் சந்தேகம் தட்டாமல் இருந்திருக்காது. ஆனால் இனி அவனால் என்ன செய்ய முடியும்? கல்லைப் பிடுங்கச் சொன்னால் அது கத்தியதை அவனே நம்பியதாக ஆகும். இந்தக் கல் கத்தியது என்றால் லண்டனில் அவனுடைய ராஜா எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்? இந்தப் பைத்தியக்காரப் பேச்சை வெளியே யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு இறங்கிப் போனான். உத்தரவு போட்டதால் ஒரே வாரத்தில் அது நாலு சந்தைக்கும் பரவியது. கல் அங்கேயே நின்றது.

ஒனோராவின் குரல் அன்றோடு போய்விட்டது. அப்புறம் ஆறு வருஷம் இருந்தாள். சாவு வீட்டுக்கு அழைத்தால் போய்த் தலைமாட்டில் சும்மா உட்காருவாள், அதுவே போதும் என்றார்கள். மாலையில் மாட்டை மேட்டுக்கு ஓட்டுவாள். மாடு கல்லில் முதுகை உரசும். ஏஜெண்டுக்குக் கொடுத்த வாக்கை அவள் மீறவில்லை.

கல் நட்ட அன்று குன்றிலிருந்து இறங்கும் முன் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எல்லோரும் போன பிறகும் அவள் கல்லில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். லாக்லின் கீழே கிடந்த அவளுடைய சால்வையை எடுத்து உதறிக் கொடுத்தான்.

"வாங்க அண்ணி," என்றான். "வீட்டுக்குப் போலாம்."