பாவுத் தெருவுக்கு வந்த டெல்லித் தீர்ப்பு

பரசுராமனுக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் பதினாறு வருடத்தைப் பங்காளி சிவகுமாரை ஒழிப்பதற்கே செலவழித்தான். அவன் நெய்த ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணமேடை ஏறினார்கள். நெய்தவன் மனதில் ஓடியதெல்லாம் சிவகுமாரின் கருமாதிதான்.

காரணம் ஒரு சுவர். தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு என்னும் பட்டு நீள இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி இழை சரிபார்ப்பது நெசவாளர் வழக்கம். அந்தத் தெருவை மறித்து, தன் விசைத்தறிக் கொட்டகைக்குச் சுவர் எழுப்பினான் சிவகுமார். கேட்கப் போன பரசுராமனை நாலு பேர் பார்க்கக் கழுத்தைப் பிடித்துத் தள்ளி, "போ, கோர்ட்டுக்குப் போ" என்றான். இவனும் போனான்.

கீழ்க்கோர்ட்டில் தோற்றான். சென்னையிலும் தோற்றான். அந்த நீதிபதிகளை டீக்கடையில் பேசாத பேச்சில்லை. டெல்லி என்றால் மட்டும் எல்லோருக்கும் குரல் தணிந்துவிடும். "சுப்ரீம் கோர்ட்டு தப்பாதுப்பா" என்பார்கள். ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. கிட்டப் போய்ப் பார்க்காத வரைக்கும் எதற்கும் மவுசு குறையாது. பரசுராமனும் நம்பினான். டெல்லியும் மோசம் என்றால் பழிவாங்க வேறு யாரிடம் போவான்?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தாத்தா காலத்தில் பாவு நீட்டிய தெரு எவ்வளவு அகலமோ அவ்வளவும் வேண்டும் என்று மனுவில் எழுதவைத்தான். டெல்லி அப்படியே தீர்ப்பளித்தது. சர்வேயர்கள் வந்து அளந்தார்கள். சிவகுமாரின் சுவரும் போனது, தெருவுக்குள் நீட்டிக் கட்டியிருந்த, தறிக்குழி இருந்த பரசுராமனின் முன்னறையும் போனது.

"தறிய எங்க போடுவ? இதுல சிரிப்பு வேற வேண்டிக் கெடக்கா?" என்று மனைவி லீலா கத்தினாள்.

"போவட்டும். அவன் மூஞ்சியப் பாக்கணும் எனக்கு."

எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கையே அறுத்துக்கொண்ட கதைதான். சிவகுமார் நீதிபதியை ஏசுவான், தெருவில் புரண்டு அழுவான் என்று ஆசையாகப் போய் நின்றான். அங்கே சிவகுமார் கடப்பாரையோடு தானே சுவரை இடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா பாத்துகினு நிக்கற? டெல்லியே சொல்லிடுச்சு. அதுக்கு மேல யாரு கீறாங்க? என் மேலதான் தப்பு போல."

தெருவே சிவகுமாரைப் பெரிய மனுஷன் என்றது, டெல்லின்னா டெல்லிதான் என்றது. பரசுராமனுக்கு வயிறு எரிந்தது. பதினாறு வருடம் பொத்திப் பொத்தி வளர்த்த பகையை ஒரே பேச்சில் பறித்துக்கொண்டானே பாவி! இடிந்த அறைக்குத் திரும்பி வந்தவன், வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையில் எல்லாம் சுப்ரீம் கோர்ட்டைத் திட்டினான். அந்தத் தெருவில் அதுவரை யாரும் அதைத் திட்டியதில்லை.

லீலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்யா, கேஸுல ஜெயிச்சதே நீதானே?"