பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு பாலிசி

எண்பதுகளின் பிற்பகுதி. இலங்கையில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் வேலை செய்துகொண்டிருந்தேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடப்புசல்லாவைப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று எங்கள் வீட்டில் நடந்த கூத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூத்துக்குக் காரணம் என் அண்ணன். கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்த நல்ல பிள்ளைதான். தனியார் காப்புறுதிக் கம்பெனிகள் மலைநாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கிய காலம் அது. ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, டை கட்டிய ஒருவர் ராகலை டவுனில் கூட்டம் போட்டார். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, "இதுதான் நீங்க" என்றாராம். அதற்குக் கீழே மூன்று வட்டம். அவை நீங்கள் சேர்த்துவிடும் மூன்று ஏஜண்டுகள். அவர்கள் ஆளுக்கு மூன்று பேரைச் சேர்க்க வேண்டும். கீழே யார் பாலிசி விற்றாலும் மேலே இருப்பவருக்கு ஒரு பங்கு உண்டு. வட்டம் போட்டுப் போட்டுப் பலகையில் இடம் தீர்ந்ததும், மேல் மூலையில் ஒரு கார் படம் போட்டாராம். அதோடு அண்ணனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

அப்பாவாவது தடுப்பார் என்று பார்த்தேன். அவர் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். விஷயத்தைக் கேட்டதும் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, இது நம்ம பெரிய கங்காணி காலத்து வேலைடா! ஆள் சேத்துவுட்டா தலைக்காசு. வெள்ளக்காரன் இதத்தானே செஞ்சான்!" என்று முதல் ஆளாக அண்ணனுக்குக் கீழே சேர்ந்தார். அடுத்து ராகலை சலூன்காரர். மூன்றாவது கோயில் பூசாரி. இவர்கள் தங்களுக்குக் கீழே ஆள் பிடிக்க, ஆறு மாதத்தில் தோட்டத்தில் பாதிப்பேர் ஏஜண்டு. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் இருவர் எதிரும் புதிருமாக வாயைத் திறப்பார்கள். எதிரில் நிற்பவனும் ஏஜண்டு என்று தெரிந்ததும் மூடிக்கொள்வார்கள். பஸ்ஸில் ஆட்கள் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போவார்கள், அண்ணனுக்குப் பக்கத்து சீட் காலியாக இருக்கும்.

போகட்டும், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிடலாம். என் தலையில் அல்லவா கை வைத்தான்! அதற்கு முன் இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் போனது. முதலில் வந்த மாப்பிள்ளையின் அப்பாவிடம், வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "திடீர்னு நீங்க செத்துப் போயிட்டா குடும்பம் என்னாங்க ஆகும்?" என்று கேட்டான். நல்ல காரியம் பேச வந்த மனிதர்! தேத்தண்ணீரை வாயில் வைக்காமல் எழுந்து போய்விட்டார். இரண்டாவது வந்தவர்களிடம் சாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கை போனால் எவ்வளவு, கால் போனால் எவ்வளவு என்று மட்டும்தான் சொன்னான். அவர்களும் போய்விட்டார்கள்.

இது மூன்றாவது இடம். எனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், இந்த மாப்பிள்ளையை எனக்கு முன்பே தெரியும். ராகலை டவுனில் ரேடியோ திருத்தும் சிறிய கடை வைத்திருந்தார். ஒரு தடவை எங்கள் வீட்டு ரேடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, திறந்து பார்த்துவிட்டு, "ரேடியோவுக்கு ஒண்ணுமில்லீங்க, பேட்டரிதான் முடிஞ்சிருக்கு" என்று திருப்பித் தந்தார். ஒரு சதம் வாங்கவில்லை. ஏமாற்ற வசதியிருந்தும் ஏமாற்றாத மனிதர் என்று என் மனசில் பதிந்துவிட்டார். பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கண் கடைப் பக்கம் தானாகத் திரும்பும். தரகர் அவருடைய போட்டோவை நீட்டியபோது ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அண்ணன் மறுநாளே கடைக்குப் போய் காப்புறுதி விண்ணப்ப ஃபோமை நீட்டியிருப்பான்.

அம்மா கற்பூரம் கொளுத்தி அண்ணனிடம் சத்தியம் வாங்கினார். "இன்னைக்கு மட்டும் இன்சூரன்ஸ்னு வாயத் தொறந்த, ஒனக்கு அம்மாவே இல்லன்னு நெனச்சுக்க!" அவனும் கட்டத் தொடங்கியிருந்த டையைக் கழற்றி அரிசிப் பெட்டிக்குள் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தும் கொண்டார்.

வந்தவர்கள் ஐந்து பேர். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா, தரகர். அப்பாக்காரர் கணக்கப்பிள்ளை. தோட்டத்தில் கங்காணிமார் அவருக்குக் கீழேதான், அந்த மிடுக்கு உட்காரும்போதே தெரிந்தது. வீட்டு முன் இஸ்தோப்பில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றேன். அண்ணன் உதட்டை மடித்துக்கொண்டு பல்வலிக்காரன் மாதிரி இருந்தான். முறுக்கு போனது, மழையைப் பற்றிப் பேசினார்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

அப்போது கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"தம்பி, மனுஷன் உசிரு நம்ம கையில இல்ல. இன்னைக்கு இருக்கோம்..."

அண்ணனின் கண் விரிந்தது. சத்தியம் பறந்துவிட்டது.

"...நாளைக்கு நாம இல்லாட்டி நம்ம பிள்ளகுட்டி கதி என்னாங்க?" என்று அவர் வசனத்தை அவனே முடித்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அட, நீங்களுமா தம்பி?" "அய்யோ, நீங்களுமாங்க!" கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அம்மாவுக்கு உயிர் வந்தது. சரி, சத்தியத்தை மீறினாலும் சம்பந்தம் ஒட்டிக்கொண்டதே என்று நானும் மூச்சு விட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் குலதெய்வம் எது, இந்தியாவில் எந்த ஊர் என்றுதான் விசாரிப்பார்கள். இவர்கள், "நீங்க யாருக்குக் கீழ?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

கணக்கப்பிள்ளை கந்தப்பளை மரக்கறிக் கடைக்காரருக்குக் கீழே. மரக்கறிக் கடைக்காரர் யாருக்குக் கீழே? அவருடைய மச்சானான ராகலை சலூன்காரருக்குக் கீழே. சலூன்காரர்?

"சலூன்காரர் நம்ம ஆளுங்க! அப்ப நீங்க எனக்குக் கீழ!" என்று அண்ணன் கைதட்டாத குறையாகக் கத்தினான்.

தரகர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். போதாக்குறைக்கு அப்பா, "அப்ப கணக்கப்பிள்ளை ஐயா தலைக்காசு நம்ம வீட்டுக்குத்தான் வருதா!" என்று சந்தோஷமாகச் சொன்னார். பாவி மனுஷன்!

கணக்கப்பிள்ளையின் முகம் கறுத்துவிட்டது. "என்னா பேச்சு இது? மாப்பிள்ள வீடு பொண்ணு வீட்டுக்குக் கீழயா? அதுவும் கணக்கப்பிள்ள கங்காணி மகனுக்குக் கீழயா?" அவருடைய மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "மொதல்ல தம்பி எனக்குக் கீழ வந்து சேரட்டும். பொறவு பொண்ணப் பத்திப் பேசுவோம்" என்றார் கணக்கப்பிள்ளை.

அண்ணன் என்னதான் சொல்வான் என்று பார்த்தேன். "அது முடியாதுங்களே, கொழும்பு ஆபீஸ்ல யாருக்குக் கீழ யாருன்னு படம் போட்டுட்டாங்க" என்றான். நான் அவனோடு ஒரே பாலைக் குடித்து வளர்ந்தவள்! அவனுக்கு வட்டம்தான் பெரிதாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிடித்த மனிதர் நான்கடி தூரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போகப்போகிறார். கூப்பிடாமலே திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனேன். தட்டை நடுவில் வைத்தேன்.

"ஏன் மாமா, மேல கீழன்னு இவ்வளவு பேர் இருக்கீங்களே, இதுல பாலிசி எடுத்தவங்க யாரு?"

கல்யாணம் பேசும் முன்பே மாமா என்றுவிட்டேன், அதுகூடப் புத்தியில் படவில்லை. அவர் ஒவ்வொரு பெயராக எண்ணத் தொடங்கினார். மரக்கறிக் கடைக்காரர்? அவர் ஏஜண்டு. சலூன்காரர்? ஏஜண்டு. பூசாரி? ஏஜண்டு. அண்ணன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டான். எங்கள் வீட்டுக்கு வந்ததாக அப்பா பூரித்த தலைக்காசு ஒரு சதமும் எங்கிருந்தும் வந்திருக்கவில்லை.

"நான் எடுக்குறேன்."

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை. எல்லோரும் அவரைப் பார்த்தோம். "என்னைய எல்லாரும் ஏஜண்டா சேரச் சொன்னாங்களே தவிர, பாலிசி வேணுமான்னு ஒருத்தரும் கேக்கலியே" என்றார்.

அடுத்த நொடி அண்ணன் ஒரு பக்கம் பாய்ந்தான், கணக்கப்பிள்ளை மறுபக்கம் தன் பையைத் திறந்தார். இருவர் கையிலும் ஃபோம்! "நம்ம வீட்டுல எடுத்த முடிவு தம்பி!" "என் தங்கச்சி கேட்ட கேள்விங்க!" என்று அடுத்த சண்டை. மாப்பிள்ளை தன் அப்பாவின் ஃபோமை வாங்கிக்கொண்டு, "நான் அப்பாகிட்ட எடுக்குறேன். பங்கு மேல ஏறி மச்சானுக்குத்தானே வரும்?" என்றார். மச்சான் என்று சொன்னாரா? என் அண்ணனையா? கணக்கப்பிள்ளைக்கு முதல் விற்பனை, அண்ணனுக்கு முதல் பங்கு. இருவர் முகத்திலும் சந்தோஷம். எழுந்து நின்ற அம்மாக்காரர்கூட உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை ஃபோமில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பேனா நின்றது. நான் இறந்தால் பணம் யாருக்கு என்று கேட்கும் இடம். "அம்மா பேரப் போடுப்பா" என்றார் கணக்கப்பிள்ளை. மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு முதல் தடவையாக நேராக என்னைப் பார்த்தார்.

"வீட்டுல கூப்புடுற பேரு தரகர் சொன்னாரு. பொறப்புப் பத்திரத்துல உள்ள பேரு என்னாங்க?"

தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு வீட்டில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர் இருக்கும். பதிவுப் பெயரை யாரும் கேட்பதே இல்லை. நான் சொன்னேன். அவர் எழுதினார். என் அம்மா உள்ளே போய் அழுத சத்தம் கேட்டது.

டை கட்டிய மனிதர் அடுத்த வருஷமே காணாமல் போனார். அண்ணனுக்கு வந்த பங்கெல்லாம் சேர்ந்து என் கல்யாணத்துக்கு ஒரு டசின் கண்ணாடி வளையலானது, அவன் டை துணி காயப்போடும் கொடியைக் கட்ட உதவியது. என் வீட்டுக்காரர் பாலிசிக்குக் கட்டிய பணமும் போயே போய்விட்டது. அந்தப் பாலிசி வெறும் கடுதாசி என்று தெரிந்தும் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். சண்டை போடும்போதெல்லாம், "ஒன்னால ஏமாந்த ஒரே ஆள் நான்தான்" என்று அவர் சிரிப்பார்.

நல்ல காரியம் நடக்கும் வீட்டில் யாராவது அபசகுனமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லோரும் பதறுகிறார்கள். எனக்கு மட்டும் அந்தப் பதற்றம் வருவதே இல்லை, ஏனென்றால் "நான் செத்தால்" என்று தொடங்கிய ஒரு வரியில்தான் என் பெயரை ஒருவர் முதன்முதலாகத் தன் வாழ்க்கையில் சேர்த்து எழுதினார்.